அடிஸ் அபாபாவில் 13 மணி நேரம், நைரோபியில் 9 மணி நேரம்: தனியாகப் பறப்பவர் எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி சுருக்கமாக: சென்னையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தனியாகப் போகும் பெண். போகும்போது ஒரே டிக்கெட்டில் அடிஸ் அபாபா வழியாக, நடுவில் 13 மணி நேரக் காத்திருப்பு. திரும்பும்போது ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நைரோபிக்கு ஒரு டிக்கெட், நைரோபியிலிருந்து மும்பைக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட், நடுவில் 9 மணி நேரம். எத்தியோப்பியா, கென்யா இரண்டுமே ஆபத்தான நாடுகள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். துபாய் அல்லது தோஹா வழியாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

போகும் டிக்கெட்டை அப்படியே விடுங்கள். திரும்பும் டிக்கெட்டை மாற்றுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அடிஸ் அபாபாவின் 13 மணி நேரம் பயமாக இருக்கிறது. எனக்கு உறுத்துவது நைரோபியில் இரண்டு தனி டிக்கெட்டுகளுக்கு நடுவே கிடக்கும் அந்த 9 மணி நேரம்.

இடைநிறுத்தங்களில் சிக்கிக்கொள்பவர்களைப் பார்த்தால், அவர்களைச் சிக்கவைத்தது பெரும்பாலும் துப்பாக்கியோ கடத்தலோ அல்ல. விசா இல்லாமல் பெட்டியை எடுக்கப் போக முடியவில்லை, தடுப்பூசிச் சான்று இல்லை, இரண்டாவது விமானம் போய்விட்டது, பாஸ்போர்ட் தொலைந்தது, தெரியாதவர் கொடுத்த பொட்டலம் பிடிபட்டது என்று காரணங்கள் இந்த வரிசையில்தான் இருக்கும். நாட்டின் பெயரைக் கேட்டு வரும் பயத்தில் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் எத்தியோப்பியாவின் அபாயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வடக்கே டிக்ரேயில் 2020 நவம்பரில் தொடங்கிய போர், 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு நின்றது. அம்ஹாரா பகுதியில் 2023 ஆகஸ்ட் முதல் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை. தலைநகரைச் சுற்றியுள்ள ஒரோமியாவில் நெடுஞ்சாலைக் கடத்தல்கள் நடக்கின்றன. அடிஸ் அபாபா நகரத்துக்குள் வந்தால் பிக்பாக்கெட், கைப்பேசிப் பறிப்பு, ஏமாற்று வேலை என்று பெருநகரங்களுக்கே உரிய தொல்லைகள்தான். அரசுகள் வெளியிடும் பயண எச்சரிக்கையைப் படிக்கும்போது நாட்டுக்கு மொத்தமாகக் கொடுத்திருக்கும் எண்ணோடு நிற்காதீர்கள், பகுதிவாரியாகப் படியுங்கள். பிரிட்டன் வெளியுறவுத் துறை வரைபடத்தில் நிறம் போட்டே பிரித்துக் காட்டுகிறது. அதில் தலைநகரம் ஒரு நிறம், அதைச் சுற்றியிருக்கும் பகுதிகள் வேறு நிறம் என்றிருந்தால், விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் வரை உங்களுக்குப் பொருந்துவது முதல் நிறம். போலே விமான நிலையம் நகரத்துக்குள்தான் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விதி தானாக வரும். 13 மணி நேரம் கையில் இருக்கிறதே என்று நகரத்துக்கு வெளியே சாலைவழிச் சுற்றுலா எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் இருக்கும் டெப்ரெ லிபனோஸ் மடாலயத்துக்கு "அரை நாளில் போய்வரலாம்" என்று அழைப்பார்கள். இடம் அழகானது, சாலைதான் சரியில்லை. வேண்டாம்.

அடுத்தது, குடிவரவு (இமிக்ரேஷன்) கவுண்டர். அதைத் தாண்டாத வரை நீங்கள் டிரான்சிட் பயணி. அந்த நாட்டின் தெரு, டாக்சி, பணம், ஓட்டல் எதுவும் உங்களைத் தொடாது. தாண்டிவிட்டால் விசா முதல் தடுப்பூசி வரை எல்லாம் மாறும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "அந்த நாடு பாதுகாப்பானதா" என்பதல்ல. "நான் கவுண்டரைத் தாண்டியே ஆக வேண்டுமா, அல்லது தாண்டுவது என் விருப்பமா?" என்று கேளுங்கள். அடிஸ் அபாபாவில் அது உங்கள் விருப்பம். நைரோபியில், இப்போது இருக்கும் டிக்கெட்டுப்படி, பெட்டி போட்டிருந்தால் தாண்டியே ஆக வேண்டும்.

இதைச் சென்னையிலேயே உறுதி செய்துகொள்ளலாம். செக்-இன் கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் நீளமான டேக்கைப் பாருங்கள். கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக அச்சாகியிருக்கும், நடுவில் மாறும் ஊர் சிறிதாக இருக்கும். பெரிய எழுத்தில் ஜோஹன்னஸ்பர்க்கின் ஜே-என்-பி இருந்தால் பெட்டி நேராக அங்கே போகிறது. அடிஸ் அபாபாவின் ஏ-டி-டி பெரிதாக இருந்தால் நீங்கள் கன்வேயர் பெல்ட்டுக்குப் போய் எடுக்க வேண்டும் என்று பொருள். கவுண்டரை விட்டு நகரும் முன்பே கேட்டுத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டித் தரும் சிறு சீட்டிலும் அதே குறியீடு இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இரண்டு விமானங்களுக்குமான போர்டிங் பாஸையும் சென்னையிலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது பாஸ் கையில் இருந்தால் அடிஸில் டிரான்ஸ்ஃபர் மேசையில் நிற்கும் வேலை இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

உங்கள் பயணத்தில் யாரும் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய விஷயம் இது. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் டிரான்சிட்டில் இருந்தவரிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். உங்கள் காத்திருப்பு 13 மணி நேரம். விமான நிலையத்தை விட்டு வெளியே காலே வைக்காவிட்டாலும் சான்று வேண்டும். சான்று இல்லாவிட்டால் ஜோஹன்னஸ்பர்க்கில் திருப்பி அனுப்பலாம். அதற்கும் முன்பே, சென்னையில் செக்-இன் செய்பவரே போர்டிங் மறுக்கலாம். நான்கு மணி நேரக் காத்திருப்புள்ள விமானத்தில் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்தியா திரும்பும்போதும் இது வரும். பாதிப்புள்ள நாட்டிலிருந்து 6 நாட்களுக்குள் வருபவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரி 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். டிரான்சிட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அதிகாரி ஏற்றுக்கொண்டால்தான். நைரோபியில் குடிவரவைத் தாண்டிப் பெட்டி எடுத்தவர் இந்த விலக்கைக் கேட்கவே முடியாது.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் ஒரே ஊசி வாழ்நாள் முழுக்கப் போதும் என்பது சர்வதேச விதி. எந்த மருத்துவமனையில் போட்டாலும் செல்லாது, அங்கீகாரம் பெற்ற மையமாக இருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தக் கிழமை, முன்பதிவு உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள், தினமும் போட மாட்டார்கள். மஞ்சள் நிறப் புத்தகத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரிவு உட்பட, எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஊசியின் தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை மூன்றும் வேண்டும். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, 60 வயதுக்கு மேல் என்று ஏதாவது இருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடிஸ் அபாபாவில் 13 மணி நேரம்

எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட்டில் போகும்போது, இடைவெளி 8 மணி நேரத்தைத் தாண்டினால், அதைவிடக் குறைந்த இடைவெளியில் வேறு விமானம் இல்லாத பட்சத்தில், அவர்களே ஓட்டல் கொடுக்கும் வழக்கம் உண்டு. டிக்கெட்டின் வகையைப் பொறுத்து இது மாறும். நீங்களாகவே நீண்ட இடைவெளியைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிடைக்காமல் போகலாம். புறப்படும் முன் விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, டிரான்சிட் விசாவும் அதில் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் குடிவரவுக்கு முன்பே டிரான்சிட் ஓட்டல் மேசை வரும். பெரிய விமானங்கள் பல ஒரே நேரத்தில் இறங்கும் ஊர் என்பதால் அங்கே கூட்டம் பயங்கரமாக இருக்கும். விமானத்தில் முன்வரிசை இருக்கைக்குக் கொடுக்கும் காசு வேறெங்கும் வீண், இங்கே மட்டும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஓட்டல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இரவு நேர இடைவெளி என்றால் வெளியே போக வேண்டாம். முனையத்துக்குள்ளேயே காசு கொடுத்துத் தங்கும் டிரான்சிட் ஓட்டல் இருக்கிறது, லவுஞ்ச் இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றால், குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும், கடைகள் திறந்திருக்கும் பகுதியில் இடம் பிடியுங்கள். பையின் வாரைக் காலில் சுற்றி, பாஸ்போர்ட்டை உடைக்குள் இருக்கும் பையில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். ஒரு சால்வை அவசியம். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேலே, நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். ஜூலை, ஆகஸ்டில் மழையும் சேர்ந்துகொள்ளும், சென்னைப் பருத்திச் சட்டையோடு நடுங்க வேண்டிவரும். உயரத்தால் லேசான தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

பகல் இடைவெளி என்றால் வெளியே போவதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13 மணி நேரத்தில் இறங்கி, விசா வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி நேரம். திரும்ப விமானம் கிளம்பும் 3 மணி நேரத்துக்கு முன் நிலையத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் வாசலில் ஒரு பரிசோதனை, கேட்டுக்கு முன் இன்னொரு பரிசோதனை, இரண்டிலும் ஷூ, பெல்ட் வரை கழற்றச் சொல்வார்கள். போக்குவரத்துக்கு இருபுறமும் சேர்த்து ஒரு மணி நேரம். மிஞ்சுவது ஏழரை மணி. தூக்கத்தைக் கழித்தால் ஒரு அருங்காட்சியகம், ஒரு சாப்பாடு, ஒரு காபி, அவ்வளவுதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எத்தியோப்பிய இ-விசா உண்டு. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தரகுத் தளங்கள் தேடலில் முதலில் வரும், இரட்டிப்புப் பணம் வாங்கும். முகவரியின் வால் எத்தியோப்பிய அரசுக்குரியதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. எத்தியோப்பியர்கள் நாளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. நமக்கு 9 என்றால் அவர்களுக்கு 3. விமான டிக்கெட்டில் உலக வழக்கப்படிதான் இருக்கும். ஆனால் ஓட்டல் காவலாளியோ டிரைவரோ "மூன்று மணிக்கு வண்டி" என்றால், அது காலை 9 மணியாக இருக்கலாம், இரவு 9 மணியாகவும் இருக்கலாம். "என் விமானம் இத்தனை மணிக்கு" என்று போர்டிங் பாஸைக் காட்டிப் பேசுங்கள், அல்லது கைப்பேசிக் கடிகாரத்தைக் காட்டி "இப்போதிலிருந்து எத்தனை மணி நேரம் கழித்து" என்று கேளுங்கள். இந்திய நேரத்தைவிட அடிஸ் இரண்டரை மணி நேரம் பின்னால். அலாரம் வைக்கும் கைப்பேசி உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். ஓட்டலில் எழுப்பிவிடுவார்கள் என்று நம்பிப் படுக்க வேண்டாம்.

வண்டிக்கு ஓட்டல் ஷட்டில்தான் நல்லது. வருகைக் கூடத்திலேயே ஓட்டல்களின் மேசைகள் இருக்கும், அங்கே பெயரைச் சொன்னால் ஆளைக் கூட்டி அனுப்புவார்கள். ஊபர் இல்லை. ரைடு, ஃபெரெஸ் என்ற உள்ளூர்ச் செயலிகள் உண்டு. பார்க்கிங்கில் தானாக வந்து பெட்டியைத் தூக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். நீல வெள்ளை மினிபஸ்ஸில் நகரத்தையே சுற்றலாம், ஆனால் பாஸ்போர்ட்டும் பணமும் உடம்பில் இருக்கும் நாளில் அந்த நெரிசல் வேண்டாம்.

நடந்து போகும்போது இரண்டு தந்திரங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் மேல் எச்சில் பட்டுவிட்டதுபோல் மன்னிப்புக் கேட்டுத் துடைக்க வருவார், அதற்குள் இன்னொருவர் பையில் இருப்பதை எடுத்துவிடுவார். மேலே ஏதாவது பட்டால் அங்கே நிற்காமல் நேராக ஒரு கடைக்குள் நுழைந்துவிடுங்கள். இரண்டாவது, நல்ல ஆங்கிலம் பேசும் "மாணவர்" ஒருவர் இன்று கலாச்சார நிகழ்ச்சி, காபிச் சடங்கு இருக்கிறது என்று ஒரு வீட்டுக்கு அழைப்பார். கடைசியில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் பில் வரும், கதவருகில் ஆட்கள் நிற்பார்கள். காபி வேண்டுமென்றால் ஓட்டல் முகப்பிலேயே சடங்கோடு போட்டுத் தருகிறார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊர் வரம். "யெட்சோம் பெயாய்நெட்டு" என்று கேட்டால், விரதச் சாப்பாடு என்பதால் பால்கூடச் சேராத பருப்பு, கீரை வகைகளை, புளித்த தோசை போன்ற இஞ்செராவின் மேல் வைத்துத் தருவார்கள். புதன், வெள்ளியில் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

அரண்மனை, ராணுவம், காவலர், அரசுக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோன், பைனாகுலர் இரண்டையும் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பணத்தை வங்கிக் கவுண்டரில் மட்டும் மாற்றுங்கள், 20 டாலருக்கு மேல் வேண்டாம். மிஞ்சும் எத்தியோப்பியப் பணமான பிர்ரைத் திரும்ப டாலராக்குவது பெரும்பாடு. தெருவில் கூடுதல் விலை சொல்பவரிடம் மாற்றுவது குற்றம்.

நகை பற்றி ஒரு வார்த்தை. கழுத்தில் தெரியும் தங்கம் அடிஸிலும் சரி, நைரோபியிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் சரி, உங்களைத் தேடி ஆளை வரவழைக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் பயணத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாம். செக்-இன் பெட்டியில் வைப்பது அதைவிட மோசம், ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து திருடுவது பழைய தொல்லை.

அந்நியர் பொட்டலமும் காத் இலையும்

கூலிக்குப் பிறர் பொருளை விமானத்தில் சுமந்து வரும் குருவிகளைப் பற்றிச் சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடிஸ் வழித்தடத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கிருந்து சென்னை வந்த பயணிகளிடம் கொக்கைன், ஹெராயின் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அதனால் தனியாக வருபவரின் பெட்டியைச் சுங்கத்தினர் கூடுதலாகத் துருவுவார்கள். "என் அண்ணனுக்கு மருந்து, சென்னையில் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யார் கேட்டாலும், வயதான தமிழ் அம்மாவாகவே இருந்தாலும், தொடக்கூட வேண்டாம். "ஐந்து நிமிஷம் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கும் அதே பதில்.

எத்தியோப்பியாவில் காத் என்ற இலையைத் தெருவில் கட்டுக்கட்டாக வைத்து விற்பார்கள், மெல்லுவது அங்கே சட்டப்படி சரி. இந்தியாவில் அதிலுள்ள வேதிப்பொருள் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. தேயிலை மாதிரி இருக்கிறதே என்று யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நைரோபி

இங்கே இரண்டு தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது. "வராத பயணி" என்று குறித்துவிடுவார்கள், பணம் போய்விடும், அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும். 9 மணி நேரம் போதுமே என்று தோன்றும். 2024 செப்டம்பர் 11 அன்று ஜோமோ கென்யாட்டா விமான நிலைய ஊழியர்கள், நிலையத்தை அதானி குழுமத்துக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, விமானங்கள் மணிக்கணக்கில் நின்றன. அப்படி ஒரு நாளில் ஒரே டிக்கெட் வைத்திருந்தவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக வாங்கியவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் ஆலோசனை, ரத்துக் கட்டணம் தாங்கக்கூடியதாக இருந்தால் ஜோஹன்னஸ்பர்க்–நைரோபி–மும்பை முழுவதையும் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்குங்கள். கென்யா ஏர்வேஸ் இந்த இரண்டு வழியிலும் பறக்கிறது. விலை வித்தியாசம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் என்றாலும் கொடுத்துவிடலாம் என்பேன்.

மாற்ற முடியாதென்றால் இரண்டு வழி இருக்கிறது. கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது விமானத்துக்கு ஆன்லைனில் போர்டிங் பாஸ் எடுத்துவிட்டால், குடிவரவைத் தாண்டாமல் டிரான்ஸ்ஃபர் மேசை வழியாகப் போய்விடலாம். ஏழு கிலோவுக்குள் அடங்குகிறவர்களுக்கு இது போதும். பெட்டி உண்டென்றால் நீங்கள் கென்யாவுக்குள் நுழையும் பயணி, மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இதுதான். குறைந்தது மூன்று நாட்களுக்கு முன், கென்ய அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படைக் கட்டணம் 30 டாலர். அனுமதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஜோஹன்னஸ்பர்க் செக்-இன்னிலேயே கேட்பார்கள்.

வெளியே வந்தபின் நகரத்துக்குப் போகாதீர்கள். விமான நிலைய வளாகத்தையொட்டியே ஓட்டல்கள் இருக்கின்றன, அவற்றின் ஷட்டிலிலேயே போய் ஆறு மணி நேரத்துக்கு அறை எடுங்கள். அறை எண்ணை வரவேற்பாளர் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், நல்ல ஓட்டலில் முகம் சுளிக்க மாட்டார்கள். கதவின் அடியில் செருகும் ரப்பர் ஆப்பு நூறு ரூபாய் சமாச்சாரம், பையில் போட்டு வையுங்கள். வெளியிலிருந்து வாகனத்தில் நிலையத்துக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பயணிகளை மட்டும் இறக்கி ஸ்கேனர் வழியாக நடக்கவைத்து, வண்டியைத் தனியாக அனுப்புவார்கள். அது வழக்கமான நடைமுறைதான், பதற வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் பையைச் சீட்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

தேதியும் முக்கியம். 2024 ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் போராட்டக்காரர்கள் புகுந்த பிறகு, அந்த நாள் கென்யாவில் போராட்ட நாளாகிவிட்டது. ஜூலை 7 அதற்கு முன்பிருந்தே போராட்ட நாள். 2025-லும் சாலைகளை அடைத்தார்கள். உங்கள் பயணம் அந்த நாட்களில் விழுந்தால் வேறு தேதி பாருங்கள்.

சிறு விஷயம்: கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை. டூட்டி ஃப்ரீ பிளாஸ்டிக் பையும் அதில் சேரும். துணிப்பைக்கு மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.

துபாய், தோஹா வழி

தெருவில் நடமாடுவதில் வளைகுடா நகரங்கள் பாதுகாப்பானவை, சந்தேகமில்லை. ஆனால் அங்கே அபாயம் வேறு இரண்டு பக்கத்திலிருந்து வரும். ஒன்று சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த குருமா மசாலாப் பொடியில் அது இருக்கலாம். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். டிரான்சிட் பயணிக்கும் சட்டம் ஒன்றுதான். மற்றது வான்வெளி. 2025 ஜூன் 23 அன்று ஈரான் ஏவுகணைகள் கத்தாரில் இருக்கும் அமெரிக்காவின் அல் உதெய்த் விமானப்படைத் தளத்தை நோக்கி வந்தபோது கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. தோஹாவில் ஆயிரக்கணக்கான பயணிகள் நின்றார்கள். வீட்டில் "பாதுகாப்பான வழி" என்று சொல்லும் வழியிலும் இது நடக்கும்.

அப்படி நடுவழியில் சிக்கினால் எங்கே இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். விமான நிறுவனம் ரத்து செய்யும்வரை காத்திருந்தால்தான் மாற்று விமானமோ முழுப் பணமோ கிடைக்கும். குடிவரவைத் தாண்டி வெளியே போகச் சொன்னால், திரும்ப உள்ளே வர அனுமதி உண்டா என்று கேட்காமல் போகாதீர்கள். டிரான்ஸ்ஃபர் மேசை வரிசையில் நின்றுகொண்டே, அதே நிறுவனத்தின் இந்திய எண்ணுக்கும் அழையுங்கள். வரிசையில் நூறு பேருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தொலைபேசியில் முதலில் இடம் கிடைப்பது சகஜம். இதற்காகத்தான் மூன்று நாளைக்கான மருந்து, ஒரு மாற்றுடை, சார்ஜர், கறையில்லாத புது டாலர் நோட்டில் 100, 150 ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். எத்தியோப்பியாவில் ஐரோப்பிய உருளைப் பின், கென்யாவில் பிரிட்டிஷ் தட்டைப் பின். நம் மூன்று பின் பிளக் இரண்டிலும் நுழையாது.

பயணக் காப்பீட்டில் போரால் வரும் நஷ்டம் பெரும்பாலும் விலக்கு. இணைப்பு விமானம் தவறுவதற்கான பிரிவு தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமா என்று வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பொருந்தாது.

பாஸ்போர்ட் தொலைவதுதான் உண்மையில் பயணத்தை முறிப்பது. அடிஸிலும் நைரோபியிலும் இந்தியத் தூதரகங்கள் உண்டு, போலீஸ் புகார் நகலோடு போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அது இந்தியா திரும்புவதற்கு மட்டும் செல்லும். அதை வைத்துக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் போக முடியாது, ஒட்டியிருந்த தென்னாப்பிரிக்க விசாவும் பாஸ்போர்ட்டோடு போய்விடும். பாஸ்போர்ட் அதிகம் தவறும் இடம் தெருவல்ல, பாதுகாப்புச் சோதனையின் தட்டுகள். தட்டில் வைக்கும்போது எண்ணி வையுங்கள், "ஐந்து" என்று வாய்விட்டுச் சொல்லி, மறுபக்கம் ஐந்தையும் எடுத்த பிறகு ஷூவைப் போடுங்கள்.

வீட்டில் ஒருவரோடு மட்டும் ஒப்பந்தம் செய்யுங்கள். இறங்கியதும் ஒரு செய்தி, தங்கும் இடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டியதும் ஒன்று, அடுத்த விமானத்தின் கேட்டில் உட்கார்ந்ததும் ஒன்று. கேட்டில் இருந்து வர வேண்டிய செய்தி விமானம் கிளம்பும் நேரம்வரை வராவிட்டால் முதலில் விமான நிறுவனத்தை அழைத்து ஏறினாரா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால்தான் தூதரகம். எத்தியோப்பியாவில் 2023 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஃபேஸ்புக், டெலிகிராம், டிக்டாக், யூடியூப் நான்கையும் முடக்கி வைத்திருந்தார்கள். இணையம் நின்றால் வாட்ஸ்அப் நிற்கும், சாதாரண எஸ்எம்எஸ் போகும். இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். டேட்டா ரோமிங் வேண்டாம், எஸ்எம்எஸ் போதும். "நான் சும்மா இருந்தால் பயப்படாதே, இத்தனை மணிக்கு மேல் சும்மா இருந்தால் மட்டும் பயப்படு" என்று உள்ளூர் நேரத்தையும் இந்திய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனால், அம்மா நள்ளிரவில் பத்து முறை கூப்பிட்டு உங்கள் கைப்பேசி பேட்டரியைக் காலி செய்ய மாட்டார்.